நாற்பத்து நான்காம் அளவுக் கை

என் அக்கா கோபக்காரி. அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அம்மா, "கோபத்தப் பத்தி எழுதாத, வேற எதாவது நல்லதா எழுது" என்றாள். கோபத்தைக் கழித்துவிட்டால் எழுத ஒன்றும் மிஞ்சாது. அக்கா உருப்படியாகச் செய்தவற்றில் பாதிக்கு மேல் கோபத்தில் செய்தவைதான். அவற்றில் ஒன்றை மட்டும் நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. சீருடை தைக்கும் பட்டறையில் வேலை. மருத்துவமனை, பள்ளி, விடுதி என்று யார் கேட்டாலும் அங்கே தைத்துக் கொடுப்பார்கள். பத்தாவது முடித்த கையோடு போய்ச் சேர்ந்தவள், முதலில் பித்தான் தைத்தாள், பிறகு காலர், பிறகு கை. ஏழு வருடம் கழித்துப் பட்டறைக்கு ஒரு கணினி வந்தது. துணியை வெட்டுவதற்கு முன்னால் முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொரு பகுதியையும் காகிதத்தில் வரைவார்கள். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதுவரை கட்டிங் மாஸ்டர் கையால் வரைந்ததை இனிமேல் கணினி வரைந்து அச்சடித்துத் தரும் என்றார்கள். மாஸ்டர் அந்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை. அக்கா சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் போய் நோண்டி, நாலே மாதத்தில் அதை வசப்படுத்திவிட்டாள். பேட்டர்ன் மேசை அவளுடையதாயிற்று. ஜன்னலோரம், சுழல் நாற்காலி, தனி விளக்கு. பட்டறையில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை ஒரே இழுப்பில் வெட்டுவாள். அடுத்தவர் பேச்சையும் அப்படித்தான் வெட்டுவாள்.

போன வருடம் ஒரு மருத்துவமனைக்கு அறுநூறு சட்டை தைத்தார்கள், செவிலியர்களுக்கு. தைத்து முடித்துச் சரிபார்க்கும் மேசைக்கு வந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. 44, 48 என்ற இரண்டு அளவுகளில் மட்டும் கை இறுக்கிப் பிடித்தது. அந்த மேசையில் இருப்பவளை எல்லோரும் கண்ணாடி என்பார்கள், அவள் மூக்குக்கண்ணாடி அவ்வளவு பெரிது. அவள் ஒரு 44ஐ மாட்டிப் பார்த்துவிட்டு, "ரத்த அழுத்தம் பாக்குற பட்டைய கட்டிவிட்ட மாதிரி இருக்கு, நர்சுக்குப் பொருத்தமாத்தான் தெச்சிருக்கீங்க" என்று சிரித்திருக்கிறாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு சட்டைகளில் கையைப் பிரித்து, புதுத்துணியில் வெட்டி, மறுபடியும் பொருத்த வேண்டியிருந்தது. தைக்கும் பெண்கள் மூன்று நாள் கூடுதலாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் அக்காவைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

தான் போட்ட எண்கள் சரியானவை என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். மாஸ்டர் அத்தனை பேர் முன்னாலும் வைத்துச் சொன்னார்:

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா. அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கிறவங்கதான் பண்ணுவாங்க. போ, போய் பிசிர் வெட்டு."

பிசிர் வெட்டும் மேசை என்பது தைத்த துணியில் தொங்கும் நூல்களை நறுக்கும் இடம். புதிதாகச் சேர்ந்தவர்களை அங்கேதான் நிறுத்துவார்கள். நிறுத்துவார்கள் என்றால் நிஜமாகவே நிறுத்துவார்கள், நாற்காலி கிடையாது. பன்னிரண்டு வருடம் வேலை செய்தவளை அங்கே அனுப்பினார் மாஸ்டர்.

அன்று அக்கா வீட்டு வாசலில் கழற்றி எறிந்த செருப்புகளில் ஒன்று சமையலறைவரை போனது. கைப்பையில் இரண்டு பொருள்கள் கொண்டுவந்திருந்தாள். ஒன்று, அந்தச் சட்டைக்கு அவள் கணினியில் போட்டுவைத்த கோப்பின் நகல். இன்னொன்று, 44ஆம் அளவுக் கையின் காகிதம், குப்பைக்கூடையிலிருந்து எடுத்தது. காகிதத்தைத் தரையில் விரித்து டேப்பால் அளந்தாள். பிறகு என் பழைய மடிக்கணினியில் அதே மென்பொருளை ஏற்றி அந்தக் கோப்பைத் திறந்தாள். திரையில் அவள் போட்ட எண் சரியாக இருந்தது. காகிதத்தில் முக்கால் அங்குலம் குறைந்தது. மூன்று முறை அளந்தாள். அம்மாவைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னாள். அம்மாவுக்கும் முக்கால் அங்குலம் குறைந்தது.

மறுநாள் காலை இதை மாஸ்டரிடம் கொண்டுபோனாள். அவர் காகிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் வைத்து அளந்தால் அப்படித்தான் வரும், காகிதம் சுருங்கியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அதே பேச்சுதான். பாத்திரம் தேய்க்கும்போது, தலை வாரும்போது, யாரும் ஒன்றும் கேட்காதபோது, "காகிதம் சுருங்குமாம்" என்பாள்.

அந்த மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதுவது. உள்ளே இருக்கும் நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தளத்தின் முதல் பக்கத்திலேயே, பிழை கண்டால் நீங்களே திருத்தி அனுப்பலாம், வரவேற்கிறோம் என்று எழுதியிருந்தது. அவர்கள் மனமாரத்தான் எழுதியிருப்பார்கள். அக்காவுக்கு அது நக்கலாகப் பட்டது.

"தப்பு பண்றது இவங்களாம், திருத்துறது நானாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, திருத்துறேன். திருத்தி அனுப்பி, ஆமா எங்க தப்புதான்னு அவங்களே ஏத்துக்கட்டும். அந்தத் தாள கொண்டுபோய் மாஸ்டர் மூஞ்சிக்கு முன்னாடி வெச்சுட்டு என் நாற்காலியில உக்காருவேன்" என்றாள்.

நிரல் எழுதுவது பற்றி அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான் பள்ளியில் படித்த புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதல் பாடத்தில் உலகத்துக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார்களாம், குசலம் விசாரிக்கத் தனக்கு நேரமில்லையாம். தைத்த சட்டையைப் பிரித்துப் பார்த்துத் தையல் கற்றவள் அவள். இதையும் அப்படியே செய்தாள். கை வரையும் பகுதி ஆயிரத்து நூறு வரி இருந்தது. அதை அச்சடித்து, துண்டு துண்டாக வெட்டி, கூடத்தில் பரப்பினாள். தினமும் விடிந்ததும் ஒன்றரை மணி நேரம், பட்டறைக்குக் கிளம்பும்வரை, அதன் நடுவில் உட்கார்ந்திருப்பாள். அம்மா சுவரை ஒட்டியே நடக்கப் பழகிக்கொண்டாள். புரியாத சொல்லைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, மதியம் கைபேசியில் தேடிப் படிப்பாள். நான் உதவட்டுமா என்று ஒரு நாள் கேட்டதற்கு, "நீ சொன்னா நீ கண்டுபிடிச்சதாயிடும்" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஏழு வாரம் ஆயிற்று. கண்டுபிடித்தாள்.

சொல்லிவிடுகிறேன், கடினமில்லை. 42ஆம் அளவுவரை கையின் சுற்றளவை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். 44லிருந்து நாம் கையால் போடும் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நிரலில் '44ம் அதற்கு மேலும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் '44க்கு மேல்' என்று மட்டும் இருந்தது. அதனால் 44 மட்டும் பழைய கணக்கில் மாட்டிக்கொண்டது. நாம் போட்ட எண் திரையில் தெரியும், வரைவதற்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளாது. ஒரே ஒரு குறி விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு குறிக்காக அவள் இரண்டு மாதமாக நின்றுகொண்டிருந்தாள்.

அன்றே திருத்தி அனுப்பினாள். கூடவே ஒரு விளக்கம் எழுத வேண்டும். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினாள். மாஸ்டர் சொன்னது, கண்ணாடி சிரித்தது, காகிதம் சுருங்கியது, பிசிர் மேசை, முழங்கால் வலி, எல்லாம் அதில் இருந்தன. இப்படிப்பட்ட மென்பொருளை ஊருக்கெல்லாம் கொடுக்கிறீர்களே, உங்களுக்குக் கூச்சமாக இல்லையா என்று முடித்திருந்தாள்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. வருகிற திருத்தங்களைப் படித்துப் பார்ப்பவர் ஒருவர் எழுதியிருந்தார். ஆணா பெண்ணா தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மிதிவண்டி இருந்தது. இரண்டே வரி. ஆயிரத்து நூறு வரியும் மாறியிருக்கிறது, நீங்கள் எதைத் திருத்தினீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன், ஆனால் இங்கே மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: என்ன கொடுத்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது.

அக்கா அவருக்கு அன்றே ரெண்டு வரி என்று பெயர் வைத்துவிட்டாள். நான் மாற்றியது ஒரே ஒரு குறி, ஆயிரத்து நூறு என்று எப்படிச் சொல்லலாம், கண் தெரியாதா அந்த ஆளுக்கு என்று அரை மணி நேரம் திட்டினாள். அப்புறம்தான் விஷயம் விளங்கியது. எங்கள் கணினியில் அவள் எழுதப் பயன்படுத்திய செயலி, கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் எல்லா வரிகளின் முன்னாலும் இருக்கும் இடைவெளியைத் தன் விருப்பப்படி ஒழுங்குபடுத்தியிருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினிக்கு ஒவ்வொரு வரியும் புதிய வரி. இடுப்பில் ஒரு இடத்தில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த சட்டையை, யாரோ முழுக்கப் பிரித்து மறுபடி தைத்துக் கொண்டுவந்து நீட்டிய மாதிரி. பட்டறையில் யாராவது தன்னிடம் அப்படிச் செய்திருந்தால் சட்டையைத் திருப்பி எறிந்திருப்பேன் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, அதற்காக ரெண்டு வரியை மன்னித்துவிடவும் இல்லை.

செயலியில் அந்த ஒழுங்கை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு வரி மட்டும் மாறும்படி மறுபடி தயாரித்தாள். அதோடு ஒரு சோதனையும் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இன்னின்ன எண்களைக் கொடுத்தால் இன்னின்ன அளவு வர வேண்டும் என்று எழுதிவைக்கும் சின்ன நிரல் அது. பழைய மென்பொருளில் ஓட்டினால் அது தோற்க வேண்டும், திருத்தியதில் ஜெயிக்க வேண்டும். அப்போதுதான் பிழை இருந்ததும் போனதும் நிரூபணம். மருத்துவமனை கொடுத்த அளவுத்தாளை அக்கா கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்து 44, 46, 48 மூன்றையும் சோதனையில் போட்டாள். என்ன கொடுத்தோம், என்ன வர வேண்டும், என்ன வந்தது.

பழைய மென்பொருளில் ஓட்டினாள். 44 தோற்றது. 46 சரி. 48ம் சரி.

48 தோற்றிருக்க வேண்டும். பட்டறையில் இறுக்கிப் பிடித்தது இரண்டு அளவும் அல்லவா? சோதனையைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றாள். மறுபடி எழுதினாள். மறுபடியும் 48 சரியாகவே வந்தது. அன்று பட்டறைக்குத் தாமதமாகத்தான் போனாள். மறுநாள் காலையில் உட்கார்ந்தவள், நிரலை விட்டுவிட்டு, ஆரம்பத்தில் கைப்பையில் கொண்டுவந்த பட்டறைக் கோப்பைத் திறந்தாள். அளவுத்தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எண் எண்ணாகப் பார்த்தாள்.

48க்கு எதிரே 46க்கு உரிய எண் இருந்தது. அளவுத்தாளில் ஒரு வரிசை மேலே பார்த்து, ஒரே எண்ணை இரண்டு முறை அடித்திருந்தாள். மென்பொருள் கொடுத்ததைக் கொடுத்தபடி வரைந்திருக்கிறது. இந்த இரண்டு மாதத்தில் 44 காகிதத்தை எத்தனையோ தடவை அளந்தவள், 48ஐ ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஒன்று கிடைத்ததும் கோபம் அவளை அதற்கு மேல் தேட விடவில்லை.

அவள் கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டாள். அக்கா சொன்னாள். அம்மா ரொம்ப யோசிக்கவில்லை.

"அது யாருக்குடி தெரியும்? அவங்களே தப்பு எங்களதுன்னு எழுதிக் குடுக்கப்போறாங்க. வாய மூடிட்டு அந்தத் தாள காட்டிட்டு போய் உன் இடத்துல உக்காரு."

அக்கா குளிக்கப் போனாள். குளியலறைக்குள் வாளியை உதைக்கும் சத்தம் கேட்டது.

நான்கு நாள் அவள் கணினியைத் தொடவில்லை. மாஸ்டர் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது; அதோடு தன்மேலும் கோபம் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் எங்கள் வீடு போதவில்லை. உப்பு அதிகம் என்பதற்கும், கதவைச் சாத்தவில்லை என்பதற்கும் நான் வாங்கிய திட்டை எழுதினால் தனிப் புத்தகம் வரும். ஐந்தாம் நாள் காலை உட்கார்ந்தாள். மூன்று பக்க விளக்கத்தை அழித்தாள். மூன்று வரி எழுதினாள். 44ஐப் பற்றி மட்டும். கூச்சமாக இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை. அனுப்பினாள்.

ஒன்பது நாள் கழித்து ரெண்டு வரியிடமிருந்து பதில் வந்தது. இந்த முறை ஒரே வரி: உங்கள் திருத்தத்தை மென்பொருளில் இணைத்துவிட்டேன், சோதனை தெளிவாக இருந்தது, நன்றி. அக்கா அதை அச்சடித்தாள். அதோடு அவளுடைய பழைய கோப்பில் 48 இருந்த பக்கத்தையும் அச்சடித்தாள். அம்மா இரண்டாவது தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

பட்டறையில் நடந்ததைக் கண்ணாடி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா வேலை தொடங்கும் முன் எல்லோரும் இருக்கும்போதே மாஸ்டர் மேசைக்குப் போய் இரண்டு தாளையும் வைத்திருக்கிறாள்.

"44 ப்ரோக்ராமோட தப்பு மாஸ்டர். அத எழுதினவங்களே ஒத்துக்கிட்டாங்க, இதுல இருக்கு. 48 என் தப்பு. ஒரு வரிசை மாத்தி அடிச்சிட்டேன்."

மாஸ்டர் முதல் தாளைப் படிக்கவே இல்லையாம்.

"பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா. அன்னிக்கே சொன்னேன்ல?" என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"என்னோடத நான் ஒத்துக்கிட்டேன். ரெண்டையும் சேத்து என் தலையில கட்டுனது நீங்க. அத எப்ப ஒத்துக்கப்போறீங்க?"

வேலையைப் பாருங்க என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் துணிக்கட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா மறுபடி பிசிர் மேசைக்குப் போனாள். கண்ணாடி அவளைப் பிடித்து, உனக்குப் பைத்தியமா, அந்த இரண்டாவது தாளை யார் கேட்டார்கள் என்று சண்டை போட்டிருக்கிறாள். அக்கா அவளிடமும் எரிந்து விழுந்திருக்கிறாள். ஒரு வாரம் இருவருக்கும் பேச்சில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு விடுதியிலிருந்து சட்டை தைக்க வேலை வந்தது. அதில் 44 மட்டும் எண்பது. பேட்டர்ன் மேசையில் அப்போது மாஸ்டரே உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார். 44ஐ அச்சடித்தார். டேப்பை எடுத்து அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு எழுந்து பிசிர் மேசைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தத் திருத்தின ப்ரோக்ராமை எப்படி ஏற்றுவது என்று கேட்டார்.

"நின்னுக்கிட்டே சொல்ல வராது மாஸ்டர்" என்றாள் அக்கா. "உக்காந்தாத்தான் வரும்."

அப்படித்தான் அவள் நாற்காலி அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அது போதாதென்று, இப்போது பட்டறைக்கு யார் வந்தாலும் மாஸ்டர் பேட்டர்ன் மேசையைக் காட்டி, "இந்த ப்ரோக்ராம்லயே ஒரு தப்பு இருந்துச்சு, நாங்கதான் கண்டுபிடிச்சு சொன்னோம்" என்கிறாராம். அந்த 'நாங்க'வைக் கேட்டுவிட்டு வரும் நாளெல்லாம் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் அவள் அந்த மென்பொருளுக்கு இரண்டாவதாக ஒன்று தயாரித்தாள். அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு ஒரே எண்ணைப் போட்டால், வரைவதற்கு முன்னால் மென்பொருள் நின்று, இது சரிதானா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். இருபது வரி, ஒரு சோதனை, மூன்று வரி விளக்கம். இந்த முறை ஒரு இடைவெளிகூட மாறாமல் அனுப்பினாள்.

ரெண்டு வரி உடனே இணைத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த அளவுகளுக்கு ஒரே சுற்றளவு என்பது தையல் தெரிந்த யாருக்கும் பார்த்ததுமே தவறு என்று தெரியும், அப்படி யார் போடப்போகிறார்கள், இந்தக் கேள்வி உண்மையில் தேவையா என்று எழுதியிருந்தார்.

அக்காவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. பன்னிரண்டு வருடம், அறுநூறு சட்டை, மூன்று நாள் கூடுதலாக உட்கார்ந்த பெண்கள் என்று ஒரு பக்கம் வேகவேகமாக அடித்தாள். விசைகள் கழன்றுவிடுமோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் படித்தாள். எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு, பட்டறைக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள்.

நான் போய்ப் பார்த்தேன். 'நான் போட்டேன்' என்று இருந்தது.